இரண்டாம் பக்கம்

கோடு அசையவில்லை. சிவப்புப் பொட்டை அழுத்தியாகிவிட்டது, நொடிகள் ஓடுகின்றன, பதினொன்று, பன்னிரண்டு, நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், ஹலோ என்கிறேன், ஒன்று இரண்டு மூன்று என்கிறேன், என் பெயர் செண்பகவல்லி என்கிறேன், லேப்டாப் திரையில் அந்தப் பச்சைக் கோடு மட்டும் ரூல்தடி வைத்து இழுத்ததுபோல நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. குரல் விழுந்தால் அது மேலும் கீழும் துள்ள வேண்டும். போன தடவை பூனாவிலிருந்து வந்தபோது சங்கரி செய்து காட்டினாள், நடுவில் அவள் தும்மியதற்குக்கூடத் துள்ளியது. பழைய லேப்டாப், அம்மாவுக்கு இது போதும் என்று விட்டுப்போனது, கூடவே கையடக்கமாக ஒரு மைக், அதன் வாலை லேப்டாப்பின் இடுப்பில் செருகினால் போதும் என்றாள். செருகித்தான் இருக்கிறேன். எடுத்து ஊதித் துடைத்து மறுபடி செருகினேன். டொய்ங் என்று ஒரு சத்தம் கொடுத்து, வந்துவிட்டாய் தெரியும் என்கிறது, ஆனால் காது கொடுக்க மாட்டேன் என்கிறது. விசிறியின் உறுமல் பதிவில் விழக்கூடாது என்று அதை நிறுத்தி, தெருச்சத்தம் வேண்டாமென்று ஜன்னலையும் சாத்தி, இந்தப் பிற்பகல் மூன்று மணிக்கு மடிப்பாக்கத்து வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு ஒரு மெஷினிடம் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் செங்கல்பட்டில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறார், ஆறு மணிக்கு வந்துவிடுவார். அவர் இருந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். கண் தெரியாத கிளாஸ்மேட்டுக்கு ஒரு பாடம் வாசித்து அனுப்ப வேண்டும் என்றால், தாராளமாகச் செய் என்று கதவைச் சாத்திக் கொடுத்துவிட்டுப் போவார். அப்படியும் அவர் வெளியே போகிற நாளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

தேவசகாயம் புதன்கிழமை போன் செய்தார். பாளையங்கோட்டையில் பி.ஏ. வரலாறு ஒன்றாகப் படித்தோம், எண்பத்தேழில் முடித்தோம், அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பழைய வகுப்பில் யாரோ தொடங்கிய வாட்ஸப் குழுவிலிருந்து என் நம்பரை எடுத்திருக்கிறார். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு எடுத்த எடுப்பில் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை, நெப்போலியன் வீழ்ச்சியோடு நிறுத்திவிட்டீர்கள், வியன்னா மாநாடு இன்னும் வரவில்லை என்றார். நான் சிரித்தேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றாயிற்று, இடது காது போய்ப் பத்து வருஷம், இப்போது வலது காதும் கிளம்பிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு கருவி வைக்கிறார்களாம். வைத்தபின் கேட்குமாம், ஆனால் முதலில் எல்லாக் குரலும் தகரத்தைத் தட்டினதுபோலக் கேட்குமாம், ஆணா பெண்ணா என்றே தெரியாதாம், பழகப் பழக வார்த்தை புரியுமாம், பழைய குரல் பழைய குரலாகவே திரும்பும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். அதனால் மிச்சமிருக்கிற காதில் வேண்டியவர்கள் குரலையெல்லாம் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்கிறேன் என்றார், வெளியூர் போகுமுன் கடைகண்ணிக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி. செல்போனில் பேசினால் போதாதா என்றேன். செல்போன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது, நிறையச் சொல் தப்பிப்போகிறது, கம்ப்யூட்டரில் நல்ல மைக் வைத்துப் பதிந்து அனுப்பினால் பெரிய ஹெட்போனில் எழுத்து எழுத்தாக விழும் என்றார். புத்தகம் இருக்கிறதா, அனுப்பவா என்று கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். பரணில் பச்சைப் பெட்டியில் வலது ஓரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை முதல் ரயிலில் அவர் ஆபரேஷனுக்குக் கிளம்புகிறார்.

செட்டிங்ஸ் என்று பல்சக்கரம் போட்ட படத்துக்குள் போனேன். சவுண்ட். இன்புட். மூன்று பெயர்கள் இருந்தன, அதில் ஸ்டீரியோ மிக்ஸ் என்று எவரோ ஒருவருக்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தது. இவ்வளவு நேரமும் அவர் பேசுவார் பேசுவார் என்று இது காத்துக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றினேன், சங்கரி கொடுத்த மைக்கின் பெயரைத் தொட்டேன், சத்த அளவைக் கடைசிவரைக்கும் தள்ளி நூறு என்று வைத்தேன். திரும்ப வந்து சிவப்புப் பொட்டு, ஹலோ, ஒன்று இரண்டு. நேர்கோடு. ஒருதடவை நிறுத்திப் போட்டால் பாதி வியாதி தீரும் என்று சங்கரி சொல்வாள் என்று ரீஸ்டார்ட் கொடுத்தேன். புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. சுற்றட்டும். எழுந்து ஜன்னலைத் திறந்தேன், எதிர் பால்கனியில் ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் இப்படிக் கேள்வியெல்லாம் கேட்காது டேப் ரிக்கார்டர். சிவப்புக் கட்டையையும் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்கினால் க்ளக் என்று விழும், அந்தச் சத்தத்திலேயே நம்பிக்கை வந்துவிடும். அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி, அதற்கு வெளியிலிருந்து செருகுகிற மைக், மைக்குக்குள் ஒரு பென்சில் செல். அந்தச் செல் தீர்ந்துபோனது தெரியாமல் ஒரு தடவை அரைமணி நேரம், கேசட்டின் ஒரு பக்கம் முழுசாக, பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை வாசித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வகுப்புக்கு முன்னால் தேவசகாயம் கேசட்டைத் திருப்பித் தந்தார், ஒன்றும் இல்லையே என்று. எவ்வளவு நேரம் கேட்டீர்கள் என்றேன். முழுசாத்தான் என்றார். வெறும் உஸ்ஸென்ற சத்தத்தையா, ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்காதா என்றதற்கு, நீங்கள் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது, இதோ ஆரம்பித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் முருகன்குறிச்சியில் பஸ்ஸைத் தவறவிட்டேன், அந்த அரைமணி நேரம் அவர் ஹாஸ்டல் அறையில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டு நின்றதில்.

தேவசகாயத்துக்கு யாராவது வாசித்துக் கொடுக்கலாமே என்று வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் பொதுவாகக் கேட்டபோது கை தூக்கிய ஏழெட்டுப் பேரில் நானும் ஒருத்தி. தீபாவளிக்குள் மற்றவர்கள் கழன்றுவிட்டார்கள். அரிசிப் பானை இருந்த உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன், அது ஒன்றுதான் தெருவுக்கு எட்டாத அறை. முதலில் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி வாசித்தேன். அவர் மெட்டர்னிக் என்று சொல்ல வேண்டும், மெட்டர்நிச் இல்லை என்பார், காற்புள்ளியில் மூச்சு விடுங்கள், வரிமுடிவில் விடாதீர்கள் என்பார், நேற்று பின்னால் யாரோ வெங்காயம் தாளித்தார்களா, எண்ணெய்ச் சத்தம் வந்தது என்பார். அப்புறம் நான் அவருக்காக வாசிக்கப் பழகினேன். வரைபடம் வந்தால் அதை விவரித்தேன், இத்தாலி பூட்ஸ் மாதிரி என்றால் அவருக்கு விளங்காது என்று, மேசையில் கையை ஊன்றினால் முழங்கைவரை எப்படி இருக்குமோ அப்படி என்றேன். பக்கம் முடிந்தால் இன்றைக்கு இவ்வளவுதான், மழை வருகிறது, கேட்கிறதா என்று மைக்கை ஜன்னல்பக்கம் நீட்டினேன். பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. நெப்போலியன் வீழ்ச்சியைக் கேசட்டின் ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு, செல் தீர்ந்த கதையாக ஆகிவிடக்கூடாதே என்று, வாழ்க்கையில் முதல்தடவையாகப் போட்டுக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாட்டர்லூவில் மழை பெய்து தரை சேறாகிப் போனதால் பீரங்கிகளை நகர்த்தத் தாமதமாயிற்று என்று ஒரு பெண் வாசிக்கிறாள். அவ்வளவுதான் வாக்கியம். ஆனால் அந்தப் பெண் அதை வாசித்த விதம். நான் கட்டையை அமுக்கி நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். பீரங்கி, சேறு, தாமதம் என்ற வார்த்தைகளுக்கு அடியில் அவள் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாமலே, சேற்றையும் பீரங்கியையும் ஒருவர் கையில் பத்திரமாகக் கொண்டுபோய் வைப்பதுபோல. கதவு சாத்தித்தான் இருந்தது, அப்படியும் திரும்பிப் பார்த்தேன். பதினைந்து நாள் கழித்துத்தான் இவர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன்பே, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இனி வாசிக்க முடியாது என்று சொல்லி, ஒரு பக்கம் மட்டும் பதிந்த அந்தக் கேசட்டை வகுப்புத் தோழி ஒருத்தி கையில் கொடுத்தனுப்பினேன். தேதியை முன்பின்னாக மாற்றிச் சொல்லிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது.

லேப்டாப் எழுந்துவிட்டது. சங்கரியைச் சின்ன வயசில் எடுத்த படம் திரையில் நிறைந்தது. மறுபடி உள்ளே போய் நோண்டினேன், பிரைவசி என்று ஒரு பூட்டுப் படம், அதற்குள் மைக்ரோஃபோன், அனுமதி இல்லை என்று கிடந்தது. ஆகா இதுதான் என்று அனுமதி கொடுத்தேன், ஸ்விட்ச் நீலமாக மாறியது. ஓடிவந்து சிவப்புப் பொட்டு. ஹலோ. நேர்கோடு. ஹலோ ஹலோ ஹலோ. நேர்கோடு. மணி நாலு. சங்கரிக்கு அடித்தால் எடுக்கவில்லை, சினிமாவுக்குப் போகிறேன் என்று காலையிலேயே சொன்னாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிகிறது, போய் முகம் கழுவி வந்தேன், கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்தது, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. இதுதான் கேவலம். மெஷின் கேட்க மாட்டேன் என்றால் நான் என்ன செய்ய முடியும், முயற்சி பண்ணினேன், முடியவில்லை. இந்தக் குரல் கிழடு தட்டிப் போயிற்று, தைராய்டு மாத்திரையில் தடித்துப் போயிற்று, அவர் கேட்டு வைத்துக்கொள்ள விரும்புகிற குரல் இது இல்லை, ஏமாந்துபோவார். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அதைவிட, குரல் கிழடு தட்டி அடியில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தால். பரீட்சையன்று பார்த்தேன் அவரை. வராந்தாவில் பெஞ்சில், அவருக்காக எழுதப்போகிற பையனோடு உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டித்தான் ஹாலுக்குப் போக வேண்டும். என் வளையல் சத்தம் அவருக்குத் தெரியும், எத்தனையோ தடவை நான் வாய் திறக்குமுன்னே வாங்க என்றிருக்கிறார். வலது கையால் இடது கை வளையலை அழுத்திப் பிடித்து, வலது கை வளையலை மார்போடு அழுத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண் தெரியாத ஒருவர் முன்னால் திருடி மாதிரி வெறுங்காலோடு கடந்துபோனேன். ஐந்தாறு எட்டு போனபின் திரும்பிப் பார்த்தால் அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. பதினாறு மார்க் கேள்வி வியன்னா மாநாட்டின் விளைவுகள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன், தெரிந்த கேள்விதான்.

போன் செய்து முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் அடித்தேன். மெஷின் ரிப்பேர், மன்னிச்சுக்கோங்க, ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும், இந்த மூன்று வாக்கியமும் நாக்கில் தயாராக இருந்தன. அவர் கேட்க வேண்டுமே என்று உரக்க, ரெண்டு ரெண்டு தடவை சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, மெஷினில் என்ன நடக்கிறது, ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஸ்டீரியோ மிக்ஸ், நூறு, ரீஸ்டார்ட், நீல ஸ்விட்ச்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வையுங்க,” என்றார். “நான் சொல்லுதேன், நீங்க அழுத்துங்க. மவுஸைத் தொட வேண்டாம்.”

அவருடைய கம்ப்யூட்டர் அவருக்கு எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுமாம், இப்போது கேட்பது குறைந்ததும் விரலால் தடவிப் படிக்கிற ஒரு பலகை வைத்திருக்கிறார். திரை என்ற ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பாதை முழுக்க அவருக்குள் இருந்தது. ஜன்னல் படம் போட்ட கட்டையோடு ஐ எழுத்தைச் சேர்த்து அழுத்தச் சொன்னார், அழுத்தினேன், இத்தனை நேரம் நான் தடவித் தடவிப் போன இடம் ஒரு தட்டில் வந்து நின்றது. பிரைவசிக்குப் போங்கள், மைக்ரோஃபோன், முதல் ஸ்விட்சைத்தானே போட்டீர்கள் என்றார். ஆமாம். அதுக்குக் கீழே ஒவ்வொரு ஆப்பாகப் பெயர் வரும், அதையெல்லாம் விட்டுவிட்டுத் தரை தட்டுகிறவரை போங்கள் என்றார். எண்ட் என்ற கட்டையை அழுத்தினேன். நான் இறங்கிப் பார்க்காத ஆழத்தில், டெஸ்க்டாப் ஆப்ஸ் என்று போட்டு, தனியாக இன்னொரு ஸ்விட்ச் சாம்பல் நிறத்தில் அணைந்து கிடந்தது.

“அதுதான்,” என்றார். “மேல கதவைத் திறந்தாலும் அதைத் திறக்கலைன்னா உள்ள போகாது. பாதிப்பேர் இங்கதான் நிப்பாங்க. போட்டுட்டு ஏதாவது பேசுங்க, ரெண்டு வரி. கோடு அசையுதான்னு பாருங்க.”

போட்டேன். சிவப்புப் பொட்டை அழுத்தினேன். ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், முப்பத்தெட்டு வருஷமாக வாய்க்குள் கிடந்தது முந்திக்கொண்டது, பாளையங்கோட்டைப் பேச்சிலேயே. “அந்தக் கேசட்டை நான் போட்டுக் கேட்டேன். என் குரலை நானே கேட்டேன். அது பாடம் வாசிக்கிற குரலா இல்லை. பயந்துட்டேன். அதனாலதான் நிப்பாட்டுனேன். கல்யாணப் பேச்சு அதுக்கப்புறம்தான் வந்துச்சு.” சத்தமில்லாமல்தான் சொன்னேன், அரிசிப் பானை அறையில் வாசிக்கிற அளவுக்கு. கோடு துள்ளியது. மலையும் பள்ளமுமாகத் துள்ளி, நான் நிறுத்தியதும் மூச்சு வாங்குவதுபோலக் கொஞ்சம் நடுங்கி அடங்கியது.

“சரியா விழலை,” என்றார். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

இங்கேயே தப்பித்திருக்கலாம். மைக் வேலை செய்கிறது என்றேன், அவ்வளவுதான் என்று சொன்னால் முடிந்தது, அவரும் சரி என்பார், வியன்னாவுக்குப் போய்விடலாம். சொல்லுகிற தைரியம் ஒரு தடவைக்குத்தான் வருகிறது, அதை ஒரு செவிட்டுக் காதில் செலவழித்தாயிற்று. ஜன்னல் திறந்திருக்கிறது. எதிர் பால்கனிப் பெண் போர்வையை மடித்துக்கொண்டு நிற்கிறாள், உரக்கச் சொன்னால் அவளுக்கும் கேட்கும், மாடிக்கும் கேட்கும். உரக்கச் சொல்லக்கூடிய விஷயமா இது, பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுகிற மாதிரி. இதைக் கேட்காமல் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டால் அதற்கப்புறம் யார் சொன்னாலும் தகரம்தான். கூச்சம் கழுத்துவரை வந்தது, வெறுங்காலோடு அந்த வராந்தாவில் நடந்தபோது வந்த அதே சூடு. இந்தத் தடவை நான் மைக்கைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த போனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, காற்புள்ளியில் மூச்சுவிட்டு, ஒரு எழுத்து குறையாமல் முழுவதையும் உரக்கச் சொன்னேன். எதிர் பால்கனிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப விழுந்துச்சா?” என்றேன்.

“விழுந்துச்சு.”

அவர் பக்கம் எங்கோ ஒரு ஆட்டோ போயிற்று. என் பக்கம் பச்சைக் கோடு அந்த ஆட்டோவுக்கும் லேசாக அசைந்தது. பரீட்சையன்று ஹாலுக்குள் நீங்கள் போனது தெரிந்தது என்று அவர் சொல்வார் என்று பயந்தேன், சொல்லவில்லை. அந்த வியன்னா கேள்வியை நல்லபடியாகத்தான் எழுதினேன், ஹாஸ்டல் வார்டன் முந்தின நாள் வாசித்துக் காட்டினார் என்று மட்டும் சொன்னார். பாடம் தெரியும், உங்கள் வாயால் வரவில்லை என்பதுதான் குறை என்றார். பிறகு எட்டு மணிக்குள் அனுப்பினால் போதும், அவசரப்படாமல் வாசியுங்கள் என்றார். சரி என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

“முதல் தடவையே விழுந்துட்டு,” என்றார். “இன்னொரு தடவை கேக்கணும் போல இருந்துச்சு.”

போனை அவர்தான் வைத்தார். எழுந்து தண்ணீர் குடித்தேன். ஜன்னலைச் சாத்தவில்லை, தெருச்சத்தம் விழுந்தால் விழட்டும். புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து, ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்காம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் வியன்னா நகரில் கூடினர் என்று தொடங்கி, மெட்டர்னிக்கை மெட்டர்னிக் என்றே சொல்லி, வரைபடம் வந்த இடத்தில் நின்று எல்லைகளை ஒவ்வொன்றாக விளக்கி, கடைசி வரிவரை வாசித்தேன். நாற்பத்தோரு நிமிஷம் ஆயிற்று. போட்டுக் கேட்காமலே அனுப்பிவிட்டேன்.